இறால் ஓட்டைக் கொண்டு சாயக் கழிவுநீரைத் தெளியவைக்க முடியுமா? அனுபவமுள்ளவர்கள் கருத்துச் சொல்லவும்

செம்பூர்ச்செல்வி

அனைவருக்கும் வணக்கம். சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவள். மும்பையில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கழிவுநீர் நிலையங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். என் சித்தப்பா பிவண்டியில் பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் சிறு பட்டறை வைத்திருக்கிறார். சுத்திகரித்த பின்னும் தண்ணீரில் நிறம் தங்கிவிடுகிறது என்பதும், நிறத்தைப் போக்கப் படிகாரத்தை அதிகமாகப் போட்டால் அள்ளி மாளாத அளவுக்குக் கசடு சேர்கிறது என்பதும் அவருடைய நெடுநாள் கவலை.

அண்மையில் ஒரு விடியற்காலையில் கொலாபாவில் உள்ள சசூன் டாக்கிற்குப் போக நேர்ந்தது. 1875-இல் திறக்கப்பட்ட அந்த மீன்பிடித் துறைமுகத்தில், இறால் உரிக்கும் பெண்கள் தாழ்வான பலகைகளில் அமர்ந்து, தலையை ஒரு திருகலில் கழற்றி, ஓட்டை இரண்டே இழுப்பில் உரித்து, சதையை ஐஸ் தண்ணீருக்குள் போடுகிறார்கள். அவர்களுடைய காலடியில் முழங்கால் உயரத்திற்கு இறால் ஓடுகளும் தலைகளும் மீசைகளும் குவிந்து கிடக்கின்றன. வெயில் ஏறுவதற்குள் அந்தக் குவியல் நிறம் மாறி, கண் எரியும் அளவுக்கு நெடி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் சாயத்தையும் உலோகத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஒரே மாநகரப் பகுதியில் இறால் ஓடும் வீணாகிறது, சாயத் தண்ணீரும் வீணாகிறது. இந்த இரண்டையும் சேர்த்துவைக்க வழியுண்டா? ஆய்வுக்கூடத்தைத் தாண்டி, ஒரு சிறு பட்டறையின் தொட்டியில் இது நிற்குமா என்பதே என் கேள்வி.

மாட்டுங்கா_வேதியர்

செல்வி, நல்ல கேள்வி. அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

உலர்ந்த இறால் ஓட்டில் புரதம், சுண்ணாம்பு என்று நாம் சொல்லும் கால்சியம் கார்பனேட், கைட்டின் ஆகிய மூன்றும் முக்கியமானவை. கைட்டினின் பங்கு இனத்தைப் பொறுத்து ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை இருக்கும். காளானிலிருந்து இந்தப் பொருளை 1811-இல் முதலில் பிரித்தவர் பிரெஞ்சு அறிஞர் பிராக்கோனோ; அதைக் காரத்தோடு கொதிக்கவைத்தால் அமிலத்தில் கரையும் வேறொரு பொருளாக மாறுகிறது என்று 1859-இல் கண்டவர் ரூஜே. அந்த இரண்டாவது பொருள்தான் கைட்டோசான்.

செய்முறை பார்வைக்கு எளியது. ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். மொறுமொறுப்பாக இருந்த ஓடு கையில் மடிக்கக்கூடிய மெல்லிய ஏடாகிவிடும். பிறகு நீர்த்த காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் புரதம் போய்விடும். மிஞ்சுவது கைட்டின். அதை 40 முதல் 50 சதவீதச் செறிவுள்ள காஸ்டிக் சோடாவில், 100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால், கைட்டினில் உள்ள அசிட்டைல் தொகுதிகள் கழன்று, அமின் தொகுதிகள் வெளிப்படும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆற்றலின் பெரும்பகுதி அந்த அமின் தொகுதியில்தான் இருக்கிறது.

சற்றே அமிலமான நீரில் அமின் தொகுதி ஒரு புரோட்டானை ஏற்று நேர்மின்னூட்டம் பெறுகிறது. பருத்திக்குப் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களில் சல்போனேட் தொகுதிகள் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கின்றன. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. செம்பு போன்ற உலோகங்களிடம் கதை வேறு: அங்கே மின்னூட்டம் பெறாத அமின் தொகுதியின் நைட்ரஜன் தன் எலக்ட்ரான் இணையை உலோகத்துக்குத் தந்து பிணைகிறது. மாணவர்களுக்கு இதைக் காட்டுவதற்கு நான் விரும்பும் சோதனை ஒன்று உண்டு. மயில்துத்தக் (செம்புச் சல்பேட்டு) கரைசலில் வெண்மையான கைட்டோசான் செதில்களைப் போட்டுக் கலக்கிவிட்டுப் பாருங்கள். கரைசல் வெளுக்க வெளுக்க, செதில்கள் நீலமாகிக்கொண்டே வரும். சோடியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றை அது பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சாதாரண அயனிப் பரிமாற்றப் பிசின்கள் தண்ணீரின் கடினத்தன்மையிலேயே தங்கள் இடத்தைச் செலவழித்துவிடுவதை நினைத்தால், இது அரிய குணம்.

நெய்தல்ரூபன்

வணக்கம். ஊர் தூத்துக்குடி; இப்போது நவி மும்பையில் ஓர் இறால் பதப்படுத்தும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஓட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2023-24 நிதியாண்டில் இந்தியா 17,81,602 டன் கடல் உணவை ஏற்றுமதி செய்தது. அதில் உறைந்த இறால் மட்டும் 7,16,004 டன். முழு இறாலின் எடையில் தலையும் ஓடும் சேர்ந்து பாதிக்கு அருகில் வருவதுண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், நாடு முழுவதும் எவ்வளவு ஓடு ஒதுங்குகிறது என்பது புரியும். அதில் பெரும்பகுதி வன்னாமெய் இறால் வளர்க்கும் ஆந்திரக் கரையில் இருக்கிறது. மும்பையில் கிடைப்பது கடலில் பிடித்த இறாலின் ஓடு; பல இனங்கள் கலந்திருக்கும். இங்கே மலிவாகக் கிடைக்கும் ஜவளா, அதாவது நம் ஊர்ச் சென்னாக்கூனி, ஓட்டோடு உலர்ந்து அப்படியே உணவாகிவிடுவதால், அதிலிருந்து நமக்கு எதுவும் மிஞ்சாது.

அளவைவிட முக்கியமானது ஓடு கெடாமல் புதிதாக இருப்பது. செல்வி அக்கா பார்த்த நிறமாற்றமும் நெடியும் வெறும் அருவருப்புக்குரியவை அல்ல. இறாலின் தலைக்குள் செரிமானச் சுரப்பி இருக்கிறது. உயிர் போனவுடன் அதன் நொதிகள் புரதத்தைக் கரைக்கத் தொடங்கும், பின்னால் பாக்டீரியா சேரும். வெயிலில் அரை நாள் கிடந்த ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுத்தால் நிறம் மங்கி, பாகுத்தன்மை குறைந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குணத்தோடு வரும். ஆகவே உரித்த சில மணி நேரத்துக்குள் தலையைத் தனியாகவும் ஓட்டைத் தனியாகவும் பிரித்து, கழுவி, உலர்த்தவோ குளிரூட்டவோ வேண்டும். துண்டுக் கூலிக்கு உரிக்கும் பெண்களிடம் கூலி ஏதும் சேர்த்துத் தராமல் இந்தப் பிரிப்பு வேலையை எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

விளைச்சலையும் பாருங்கள். 100 கிலோ ஈர ஓடு உலர்ந்தால் ஏறத்தாழ 25 கிலோ. அதிலிருந்து கைட்டின் ஐந்து கிலோ. கைட்டோசான் நான்கு கிலோ வந்தால் நல்ல விளைச்சல்.

தாராவித்தோல்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தோல் தொழிலில் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டவர்களின் வழி. 1970-களில் அறவைக்கூடம் தேவ்னாருக்குப் போன பிறகு பதனிடும் வேலை இங்கே படிப்படியாகச் சுருங்கி, இப்போது பெரும்பாலும் தைப்பதும் மெருகேற்றுவதுமாகவே இருக்கிறது. ஆனால் உறவினர்கள் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இருக்கிறார்கள். தோல் ஆலைக் கழிவால் பாலாறு மாசுபட்டதையும், அதுகுறித்து 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் அங்கே அறியாத வீடு இல்லை. கைட்டோசான் குரோமியத்தை எடுக்கும் என்கிறார்களே, தோல் ஆலைக்கு இது பயன்படுமா ஐயா?

மாட்டுங்கா_வேதியர்

இங்கே இரண்டு குரோமியங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அதற்குக் கைட்டோசான் தேவையே இல்லை. நீற்றிய சுண்ணாம்போ மக்னீசியம் ஆக்சைடோ சேர்த்து பி.எச். அளவை (ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) எட்டரைக்கு அருகில் உயர்த்தினால் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், அதைக் கரைத்து மறுபடியும் பதனிடலாம். இவ்வளவு மலிவான, திருப்பி எடுக்கக்கூடிய வழி இருக்கும்போது வேறொன்றைத் தேடுவது வீண்.

நஞ்சு மிகுந்தது அறுவிணைதிறக் குரோமியம். மின்முலாம் பூசும் பட்டறைகளிலும், குரோமேட் உப்புத் தயாரித்த இடங்களிலும் அதுதான் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு 2 மில்லிகிராம். இதைக் கைட்டோசான் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பிடிப்பதற்கு ஏற்ற பி.எச். மூன்று, நான்கு என்ற அளவு. அந்த அமிலத்தில் கைட்டோசானே கரையத் தொடங்கிவிடும். குளூட்டரால்டிஹைடு போன்ற ஒன்றால் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து மணிகளாக்கினால் கரையாது. அப்படிப் பிணைக்கும்போது அமின் தொகுதிகளில் ஒரு பங்கு அந்தப் பிணைப்புக்கே செலவாகிவிடுவதால் கொள்திறன் குறையும்.

அம்பர்நாத்_இயக்குநர்

பல ஆண்டுகளாகத் தொழிற்பேட்டைக் கழிவுநீர் நிலையங்களை இயக்கி வருபவன் என்ற முறையில், செல்விக்குச் சில கசப்பான செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து ஊக்கத்தைக் குலைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வுக்கட்டுரைகளில் ‘ஒரு கிராம் கைட்டோசான் இத்தனை நூறு மில்லிகிராம் சாயத்தைப் பிடித்தது’ என்று வரும் எண்கள் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சாயத்தைக் கரைத்து எடுத்தவை. சாயப் பட்டறையின் தண்ணீர் அப்படி இருக்காது. ரியாக்டிவ் சாயத்தைத் துணியில் ஏற்ற லிட்டருக்கு 40 முதல் 100 கிராம் வரை உப்பும், சாயத்தைப் பிணைக்கச் சலவைச் சோடாவும் போடுகிறார்கள். அந்தத் தொட்டி நீரின் பி.எச். அளவு பத்துக்கு மேல் நிற்கும். அந்தக் காரத்தில் அமின் தொகுதிக்கு மின்னூட்டமே இருக்காது. ஆக, முதலில் அமிலம் ஊற்றி ஐந்து, ஆறுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பின்னும் கரைந்திருக்கும் உப்பின் அயனிகள் சாயத்தோடு போட்டியிடும். ஸ்டார்ச்சு, சோப்பு, துணியின் பஞ்சு எல்லாம் தங்கள் பங்கைக் கேட்கும்.

இன்னும் முக்கியமானது, கைட்டோசான் உப்பை எடுக்காது. திருப்பூரில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பாழானதற்குச் சாயத்தின் நிறத்தைப் போலவே கரைந்த உப்பும் காரணம். தமிழ்நாட்டில் கரைந்த திடப்பொருளுக்கு வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். கழிவுநீரைத் துளியும் வெளியே விடக் கூடாது என்ற முந்தைய நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றாததால்தான் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகே எதிர்ச் சவ்வூடு பரவலும் (ஆர்.ஓ.) ஆவியாக்கும் கருவிகளுமாக முழுநீர் மீட்பு நடைமுறையில் நிலைபெற்றது. நிறம் போன தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்துக் காட்டினால் பார்க்கிறவர் மகிழ்ந்துபோவார். அதே நீரை வயலுக்குப் பாய்ச்சினால் பயிர் கருகும். எனவே நிறத்தைப் போக்குவதைச் சுத்திகரிப்பு என்று சித்தப்பாவிடம் சொல்லாதீர்கள்.

ராஜி_ஆன்டாப்ஹில்

எனக்குத் தொழில்நுட்பம் தெரியாது. பிறந்த வீடு தருமபுரிப் பக்கம். புளோரைடு நீரால் பல் கறை படிந்தவர்களும் மூட்டு விறைத்தவர்களும் எங்கள் உறவிலேயே உண்டு. வீட்டு உபயோகத்துக்கு இந்த ஓட்டில் ஒரு வடிகட்டி செய்ய இயலுமா?

மாட்டுங்கா_வேதியர்

ராஜி அம்மா, வேண்டாம். சாதாரணக் கைட்டோசான் புளோரைடை மிகக் குறைவாகவே பிடிக்கும். லாந்தனம், அலுமினியம் போன்ற உலோகங்களை ஏற்றிய கைட்டோசான் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த உலோகம் குடிநீரில் கசிகிறதா, வடிகட்டி எப்போது நிறைவடைகிறது என்பதை வீட்டில் யார் சோதிப்பார்கள்? குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு ஆதாரம் இல்லாத நிலையில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தரநிலை. சுவையாலோ நிறத்தாலோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்தக் காரணத்தால்தான். உறவினர்கள் அந்தக் காவிரி நீரைக் குடிக்கவும் சமைக்கவும் பயன்படுத்துகிறார்களா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

செம்பூர்ச்செல்வி

எல்லோருக்கும் நன்றி. அம்பர்நாத் அண்ணா சொன்ன உப்பு விஷயம் என் பார்வையைத் திருப்பிவிட்டது. ஒரு துணைக் கேள்வி: ஓட்டை இவ்வளவு வேதிப்பொருளில் போட்டு எடுக்காமல், உலர்த்திப் பொடித்து அப்படியே பயன்படுத்தினால் என்ன? அப்படியும் உலோகம் குறைகிறது என்று படித்தேன்.

மாட்டுங்கா_வேதியர்

குறையும். ஆனால் பல நேரங்களில் அது கைட்டினின் வேலை அன்று. பொடித்த ஓட்டில் உள்ள சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மையை உயர்த்த, உலோகம் கார்பனேட்டாகவோ ஹைட்ராக்சைடாகவோ படிந்துவிடுகிறது. சுண்ணாம்புக்கல் தூளும் இதைத்தான் செய்யும். அமிலத்தன்மையுள்ள சுரங்க நீருக்கு இது நல்ல மருந்து. ஏற்கெனவே காரமாக இருக்கும் சாய நீருக்கு உதவாது. அதோடு பதப்படுத்தாத ஓட்டிலிருந்து புரதம் கசிந்து, கரிமக் கழிவைக் காட்டும் அளவுகோலான சி.ஓ.டி.யைக் கூட்டிவிடும்.

கைட்டோசானாகவே செய்வதென்றால் அதன் கணக்கையும் போட்டுவிடுகிறேன். ரூபன் தம்பி சொன்ன 25 கிலோ உலர்ந்த ஓட்டில் 10 கிலோ சுண்ணாம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 73 கிராம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். ஆக, 10 கிலோவுக்கு 7.3 கிலோ தூய அமிலம். கடையில் கிடைக்கும் 33 சதவீத அமிலமாக வாங்கினால் 22 கிலோ. அதன் விளைவாக 11 கிலோ கால்சியம் குளோரைடு கரைசலில் போகும், 4.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் போகும். இது முதல் கட்டத்துக்கு மட்டுமான கணக்கு. புரதம் கரைந்த காஸ்டிக் நீர், செறிந்த காஸ்டிக் நீர், ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே கழுவும் தண்ணீர் எல்லாம் இதற்கு மேல். நான்கு கிலோ கைட்டோசானுக்காக இவ்வளவு உப்புநீரை ஒரு சாயப் பட்டறையின் பின்கட்டில் உண்டாக்குவது, நாம் தீர்க்க வந்த தொல்லையையே பெருக்குவதாகும்.

நெய்தல்ரூபன்

ஐயாவின் கணக்கு சரி. அதனால்தான் இதைப் பெரிய அளவில், எல்லாப் பொருளையும் மீட்கும் ஆலையில் செய்ய வேண்டும் என்கிறேன். அமிலத்துக்குப் பதிலாக லாக்டிக் அமில பாக்டீரியாவை வைத்து ஓட்டைப் புளிக்கவைத்தால், சுண்ணாம்பும் புரதமும் பெருமளவு அந்த ஒரே கட்டத்தில் பிரிந்துவிடும். அந்தப் புரதநீர் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் ஆகும். இறாலுக்குச் செந்நிறம் தரும் அஸ்டாசாந்தினைத் தனியே எடுக்கலாம். அதன் விலை கைட்டோசானைவிடப் பல மடங்கு. மீதமுள்ள கைட்டினுக்கு மட்டும் காஸ்டிக் போதும், அந்தக் காஸ்டிக்கையும் வடித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். கொச்சியில் 1957-இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் கைட்டின், கைட்டோசான் தயாரிப்பு முறைகளை நெடுங்காலமாகத் தொழில்முனைவோருக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. நம் வெர்சோவாவிலேயே மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஆலோசனைக்கு அங்கே போய்க் கேட்கலாம்.

இன்னொன்று. கடல் உணவுக் கழிவு என்றால் ஓடு மட்டும் அல்ல. மீன் முள்ளில் இருப்பது கால்சியம் பாஸ்பேட்டு. அது ஈயத்தைக் கரையாத பாஸ்பேட்டுக் கனிமமாகப் பூட்டிவிடும். கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஈயம் கலந்த வீட்டு மண்ணில் அரைத்த மீன் எலும்பைக் கலந்து இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். அதற்கு அமிலமும் வேண்டாம், காரமும் வேண்டாம். எலும்பைக் கழுவி, உலர்த்தி, அரைத்தாலே போதும் என்பதால், மும்பை போன்ற இடத்துக்கு எனக்கு அதுவே முதலில் தோன்றுகிறது. சாயத்துக்கு உதவாது என்பது தெரியும். இழையில் பதிவாகட்டும் என்று எழுதினேன்.

அம்பர்நாத்_இயக்குநர்

நான் மறுப்பாகவே பேசியதாகத் தோன்றியிருந்தால், ஆதரவாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கைட்டோசானை நிரப்பிய வடிகட்டியாகப் பயன்படுத்துவதைவிட, படிகாரத்துக்குத் துணையாகத் தெளியவைக்கும் பொருளாகப் பயன்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை உண்டு. கிராமத்தில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தது போன்ற வேலைதான் இதுவும். நீண்ட சங்கிலி மூலக்கூறு என்பதால் சிறு துகள்களைக் கோத்துப் பெரிய திரளாக்கிவிடும். திரள் கனமாக இருப்பதால் விரைவில் அடியில் இறங்கும். லிட்டருக்குச் சில மில்லிகிராமே போதுமானதாக இருக்கும் நீர்களும் உண்டு. படிகாரத்தின் அளவைக் குறைத்தால் அலுமினியக் கசடும் குறையும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கட்டுமான இடங்களின் சேற்று மழைநீரை இப்படித்தான் தெளியவைத்து மணல் வடிகட்டியில் விடுகிறார்கள். அளவு மிஞ்சினால் துகள்கள் முழுவதும் நேர்மின்னூட்டம் பெற்று மறுபடியும் கலங்கிவிடும். கரைந்து மிஞ்சிய கைட்டோசான் மீன்களுக்கும் நல்லதல்ல; எனவே வெளியேறும் நீரில் அது மிஞ்சவில்லை என்பதைச் சோதிக்க வேண்டும்.

செல்வி, சசூன் டாக் ஓட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். சந்தையில் கிடைக்கும் தொழில்தரக் கைட்டோசானில் ஒரு கிலோ வாங்கி, சித்தப்பாவின் உண்மையான கழிவுநீரில் ஜாடிச் சோதனை (வரிசையான ஜாடிகளில் வெவ்வேறு அளவில் கலந்து ஒப்பிடுவது) செய்து பாருங்கள். சோதனையே தேறாவிட்டால் ஓட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

செம்பூர்ச்செல்வி

அப்படியே செய்கிறேன். சாயத் தொட்டியின் செறிந்த நீரையும், அதற்குப் பின் வரும் அலசல் நீர்களையும் பட்டறையில் ஒன்றாகக் கலந்துதான் விடுகிறார்கள். அதைப் பிரிக்கச் சித்தப்பா சம்மதித்திருக்கிறார். உப்பு மிகுந்த தொட்டி நீரைத் தனியே ஆவியாக்கும் பொது நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, உப்பு குறைந்த அலசல் நீரில் மட்டும் கைட்டோசானைச் சோதித்து, தேறினால் அந்த நீரையே அடுத்த அலசலுக்குத் திருப்பலாம் என்பது எண்ணம். சாயத்தைப் பிடித்த கசடை என்ன செய்வது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

அம்பர்நாத்_இயக்குநர்

பிரிப்பது மிக நல்ல முடிவு. பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. கசடை ‘இயற்கைப் பொருள்தானே’ என்று உரமாக்கவோ குப்பையில் போடவோ கூடாது. சாயக் கழிவுநீர்க் கசடு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. எதனால் திரட்டினாலும் அது மாறாது. அழுத்தி நீரை வடித்து, உலர்த்தி, பையில் கட்டி, தலோஜாவில் உள்ள பொது நிலையத்துக்கு உரிய படிவத்தோடு அனுப்ப வேண்டும். படிகாரக் கசடோடு ஒப்பிட்டு எடை எவ்வளவு குறைகிறது என்று குறித்துவைத்தால், கைட்டோசானின் விலையை அந்த அனுப்புக் கூலியில் கழித்துப் பார்க்கலாம்.

மாட்டுங்கா_வேதியர்

சோதனைக்கு ஒரு குறிப்பு. கைட்டோசானை ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் இரவு முழுவதும் கரைத்து வையுங்கள். சில நாள்களில் பாகுத்தன்மை இறங்கிவிடும் என்பதால் அவ்வப்போது புதிதாகக் கரையுங்கள். வரிசையில் ஒரு ஜாடிக்கு அசிட்டிக் அமிலத்தை மட்டும், கைட்டோசான் இல்லாமல் ஊற்றுங்கள். இன்னொன்றுக்குப் படிகாரம் மட்டும். விரைவாக ஒரு நிமிடம், மெதுவாகப் பதினைந்து நிமிடம் கலக்கி, அரை மணி நேரம் படியவிட்டு, மேல்நீரின் நிறத்தோடு பி.எச்., சி.ஓ.டி. இரண்டையும் அளந்து இங்கே பதிவிடுங்கள். அசிட்டிக் அமிலமே சி.ஓ.டி.யைக் கூட்டும், எவ்வளவு கூட்டியது என்பதை அந்த வெற்று ஜாடி சொல்லும்.